ஆறப்போட்டார்கள், அளக்க மறந்தார்கள்!

இந்தியா - சீனா எல்லைப் பிணக்கும் அதைக் கட்டிக்காத்த அரசதந்திரமும்



வேலித் தகராறு இல்லாத ஊர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் அரை அடி உள்ளே வந்து வேலி போட்டுவிட்டால் ஊர்ப் பெரியவரிடம் முறையிடுவோம். நில அலுவலகத்திலிருந்து ஆள் வரவழைத்து, அளந்து, கல் நடுவோம். அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்றப் படியேறுவோம். நாடுகளுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் யாருக்குச் சொந்தம் என்று மலேசியாவும் இந்தோனேசியாவும் அனைத்துலக நீதிமன்றத்தை நாடி, 2002-இல் தீர்ப்பு பெற்றன. பத்து பூத்தே தீவுக்காக மலேசியாவும் சிங்கப்பூரும் அதே மன்றத்துக்குச் சென்று, 2008-இல் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு திரும்பின.

ஆனால், தகராறு செய்யும் இருவருமே ஊரில் பெரிய வீட்டுக்காரர்கள் என்றால்? எந்தப் பெரியவரின் சொல்லுக்கும் கட்டுப்படத் தேவையில்லாதவர்கள் என்றால்?

இந்தியாவும் சீனாவும் அப்படிப்பட்ட இரு வீட்டார்தாம். உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த இரண்டு நாடுகளில் வாழ்கிறார். இரு தரப்பிடமும் அணு ஆயுதம் இருக்கிறது. எல்லையின் நீளம் எவ்வளவு என்பதில்கூட இவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 3,488 கிலோமீட்டர் என்கிறது இந்தியா. ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்தான் என்கிறது சீனா!

இருந்தும் 1962-க்குப் பிறகு இவ்விரு நாடுகளுக்கிடையே முழு அளவிலான போர் மூளவில்லை. தீராத தகராறை மடியில் கட்டிக்கொண்டு எப்படிக் காலம் தள்ளினார்கள்? அப்படித் தள்ளியதில் எங்கே சறுக்கினார்கள்? இந்த இரு கேள்விகளுக்கும் வரலாற்றில் விடை தேடுவோம்.

தேன் ஒழுகிய காலம்

புதிய சீனாவுடன் இந்தியா 1950 ஏப்ரல் 1-ஆம் நாள் அரசதந்திர உறவை ஏற்படுத்திக்கொண்டது. பொதுவுடைமை முகாமுக்கு வெளியே இருந்த நாடுகளில் இதைச் செய்த முதல் நாடு இந்தியாதான். 1954 ஏப்ரல் 29-இல் திபெத்துடனான வணிகம் பற்றிய உடன்பாடு கையெழுத்தானது. அதன் முகவுரையில் இடம்பெற்றவையே புகழ்பெற்ற பஞ்சசீலக் கொள்கைகள். ஒருவர் நிலப்பரப்பை மற்றவர் மதிப்பது, ஒருவரை ஒருவர் தாக்காதிருப்பது, உள்விவகாரங்களில் தலையிடாதிருப்பது, சமநிலை, அமைதியான சகவாழ்வு ஆகிய ஐந்தும் உலக மேடைகளில் ஒலித்தன. அதே ஆண்டு பிரதமர் நேரு சீனாவுக்குச் சென்றார். 'இந்தியரும் சீனரும் உடன்பிறப்புகள்' என்ற முழக்கம் டில்லி வீதிகளில் எழுந்தது.

அந்த 1954 உடன்பாட்டில் ஒன்று மட்டும் இல்லை. எல்லை எது என்பது அதில் பேசப்படவே இல்லை. பேசாமல் விட்டால் தகராறு இல்லை என்றே பொருள் என்று ஒரு தரப்பு எண்ணியது. பேசாததால் இன்னும் முடிவாகவில்லை என்று மற்றொரு தரப்பு எண்ணியது.

கிழக்கே, இன்றைய அருணாசலப் பிரதேசத்தின் வட எல்லையாக இந்தியா கருதுவது மக்மோகன் கோடு. 1914-இல் சிம்லாவில் பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் ஒப்புக்கொண்ட அந்தக் கோட்டைச் சீனா ஏற்கவில்லை. மேற்கே லடாக்கை ஒட்டியிருக்கும் அக்சாய் சின் என்ற வறண்ட மேட்டுநிலத்தின் ஊடாக, சின்ஜியாங்கையும் திபெத்தையும் இணைக்கும் சாலையைச் சீனா போட்டது. அந்தச் சாலை 1957-இல் முடிந்தபோதுதான் விவகாரம் பெரிதாகத் தொடங்கியது. எல்லை எக்காலத்திலும் முறையாக வரையறுக்கப்படவில்லை என்று சீனப் பிரதமர் சூ என்லாய் 1959 ஜனவரியில் நேருவுக்கு எழுதினார். இரண்டே மாதங்களில் திபெத்தில் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 31-இல் தலாய் லாமா இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தார். தேன் கசக்கத் தொடங்கியது.

நழுவிய வாய்ப்பு, வந்த போர்

1960 ஏப்ரலில் சூ என்லாய் டில்லிக்கு வந்தார். நேருவுடன் பல நாள் பேசினார். கிழக்கே இந்தியாவின் பிடியில் இருப்பதை நாங்கள் ஏற்கிறோம், மேற்கே எங்கள் பிடியில் இருப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அவர் கோடிகாட்டிய ஏற்பாடு. நேருவால் அதற்கு இசைய முடியவில்லை. நாடாளுமன்றமும் பத்திரிகைகளும் கொதித்துக் கொண்டிருந்தன. மக்களுக்குத் தெரியாமல் போடப்பட்ட சாலைக்கு நிலத்தை விட்டுக் கொடுப்பதா என்று கேட்டவர்களுக்கு எந்தத் தலைவர்தான் எளிதில் பதில் சொல்ல முடியும்?

பின்னர் இரு நாட்டு அதிகாரிகளும் பெய்ஜிங், டில்லி, ரங்கூன் ஆகிய மூன்று நகரங்களில் கூடி ஆவணங்களை அலசினார்கள். ஒரே அறிக்கை வெளியிட வேண்டியவர்கள் இருவேறு முடிவுகளை எழுதிக்கொண்டு பிரிந்தார்கள். மலைமுகடுகளில் காவல் சாவடிகள் பெருகின.

1962 அக்டோபர் 20-இல் சீனப் படை இரு முனைகளிலும் தாக்கியது. நவம்பர் 21-இல் சீனாவே போர்நிறுத்தம் அறிவித்தது. கிழக்கே தான் பிடித்த இடங்களை விட்டுப் பின்வாங்கிய சீனப் படை, மேற்கே அக்சாய் சின்னைத் தன்வசமே வைத்துக்கொண்டது. இந்தியாவின் அதிகாரபூர்வக் கணக்குப்படி 1,383 வீரர்கள் மாண்டனர். ஏறக்குறைய 4,000 பேர் சிறைப்பட்டனர்.

அந்தப் போரின் அதிர்வு நம் மண்ணையும் தொட்டது. மலாயாவின் பிரதமராக இருந்த துங்கு அப்துல் ரஹ்மான் வெளிப்படையாக இந்தியாவின் பக்கம் நின்றார். இந்தியாவுக்கு உதவ 'ஜனநாயகத்தைக் காப்போம்' என்ற பெயரில் நிதியும் இங்கே திரட்டப்பட்டது.

தூதர் இல்லாத ஆண்டுகள்

பெய்ஜிங்கில் இந்தியத் தூதராக இருந்த ஜி. பார்த்தசாரதி 1961-இல் நாடு திரும்பினார். அவருக்குப் பிறகு பதினைந்து ஆண்டுகள் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. ஆனால், தூதரகத்தின் கதவை இரு நாடுகளுமே இழுத்துப் பூட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தூதர் இல்லாவிட்டாலும் அவருக்கு அடுத்த நிலை அதிகாரி ஒருவர் பொறுப்பில் இருந்தார். 1967-இல் சிக்கிம் எல்லையில் நாதுலாவிலும் சோலாவிலும் பீரங்கிகள் முழங்கியபோதும் அந்தக் கதவு மூடப்படவில்லை.

அந்தக் கதவின் அருமை 1970 மே 1-ஆம் நாள் தெரிந்தது. பெய்ஜிங்கில் நடந்த மே தின விழாவில் வெளிநாட்டுத் தூதர்களின் வரிசையைக் கடந்து சென்ற மா சே துங், இந்தியப் பொறுப்பாளர் பிரஜேஷ் மிஸ்ராவின் முன்னால் நின்றார். புன்னகைத்தார். நாம் இப்படியே சண்டையிட்டுக் கொண்டிருக்க முடியாது என்ற பொருள்படச் சில வார்த்தைகள் பேசினார். தூதரகத்தை மூடியிருந்தால் அந்தப் புன்னகையை வாங்கிக்கொள்ள அங்கே ஆளே இருந்திருக்காது!

புன்னகை வந்தவுடன் உறவு வந்துவிடவில்லை. மலேசியப் பிரதமர் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங் சென்று 1974 மே மாதத்திலேயே சீனாவுடன் உறவை ஏற்படுத்திக்கொண்டார். இந்தியா மீண்டும் தூதரை அனுப்பியது 1976-இல்தான். அப்படிச் சென்ற கே.ஆர். நாராயணன் பிற்காலத்தில் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார். 1979 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனா சென்றார். அவர் அங்கிருக்கும்போதே சீனா வியட்நாம் மீது படையெடுத்தது. பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு அவர் திரும்ப நேர்ந்தது. ஓரடி முன்னே, ஓரடி பின்னே என்றுதான் அந்த உறவு நகர்ந்தது.

ஆறப்போட்ட துணிச்சல்

1986-இல் அருணாசல எல்லையில் சும்டொராங் சூ என்ற பள்ளத்தாக்கில் சீனர்கள் முகாம் அமைத்தார்கள். செங்கற்பட்டில் பிறந்தவரான இந்தியத் தரைப்படைத் தளபதி கே. சுந்தர்ஜி, வான்வழியாகப் படைகளைக் கொண்டுபோய்ச் சுற்றியிருந்த உயரமான இடங்களில் நிறுத்தினார். இன்னொரு 1962 வந்துவிடுமோ என்று உலகமே அஞ்சியது. இரு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்றன; போர் வரவில்லை.

அந்தப் பதற்றம் முழுதாகத் தணிவதற்கு முன்பே, 1988 டிசம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி பெய்ஜிங்கில் போய் இறங்கினார். நேருவின் பயணத்துக்குப் பிறகு 34 ஆண்டுகள் கழித்து ஓர் இந்தியப் பிரதமர் சீன மண்ணில் கால் வைத்தார். ராஜீவுக்கு அப்போது வயது 44. அவரை வரவேற்ற டெங் சியாவ்பிங்குக்கு வயது 84. இளைய நண்பரே என்று அழைத்து, நெடுநேரம் கைகுலுக்கினார் டெங்.

அந்தக் கைகுலுக்கலுக்குப் பின்னால் பெரியதொரு கொள்கை மாற்றம் இருந்தது. எல்லைத் தகராறு தீர்ந்தால்தான் மற்ற உறவு என்பதே அதுவரை இந்தியாவின் நிலை. எல்லையைப் பற்றி ஒரு பக்கம் பேசுவோம், வணிகம், பயணம், பண்பாடு ஆகியவற்றை மறு பக்கம் வளர்ப்போம் என்று அந்தப் பயணத்தில் முடிவானது. எல்லையில் அமைதி காப்பது இதற்கு அடிப்படை என்றும் ஏற்கப்பட்டது. எல்லை பற்றிப் பேசக் கூட்டுப் பணிக்குழு ஒன்றும் அமைந்தது.

சூடாக இருக்கும் கஞ்சியை அள்ளிக் குடித்தால் வாய் வெந்துவிடும். ஆறப்போடுவதுதான் புத்திசாலித்தனம். அதைத்தான் 1988-இல் செய்தார்கள். பலன் விரைவிலேயே தெரிந்தது. 1991 டிசம்பரில் சீனப் பிரதமர் லீ பெங் டில்லி வந்தார். 1992 மே மாதத்தில், தஞ்சை மண்ணின் மைந்தரான ஆர். வெங்கட்ராமன், சீனாவுக்குச் சென்ற முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் என்ற பெருமையைப் பெற்றார்.

துப்பாக்கிக்குப் பூட்டு

1993 செப்டம்பர் 7-ஆம் நாள், பிரதமர் நரசிம்ம ராவ் பெய்ஜிங் சென்றபோது ஓர் உடன்பாடு கையெழுத்தானது. இறுதி எல்லை எது என்பது முடிவாகும் வரையில், இப்போது யார் கையில் எது இருக்கிறதோ அதைப் பிரிக்கும் மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டை இரு தரப்பும் மதிப்பது என்று அதில் எழுதினார்கள். கருத்து வேறுபாடு உள்ள இடங்களில், தேவைப்படும்போது இருவரும் சேர்ந்து கோட்டைச் சரிபார்ப்பது என்றும் எழுதினார்கள்.

1996 நவம்பர் 29-இல் சீன அதிபர் ஜியாங் ஜெமின் டில்லிக்கு வந்தபோது இன்னும் நுணுக்கமான உடன்பாடு பிறந்தது. கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் சுடக் கூடாது. வெடி வைக்கக் கூடாது. துப்பாக்கி கொண்டு வேட்டையாடவும் கூடாது! போர் விமானங்கள் பத்து கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. சுமார் 15,000 வீரர்களுக்கு மேல் கொண்ட பெரும் பயிற்சிகளைக் கோட்டருகே தவிர்க்க வேண்டும். இரு தளபதிகளும் சந்தித்துப் பேச இடங்கள் வேண்டும்.

படிக்கும்போது சின்னச் சின்ன விதிகளாகத்தான் தெரியும். ஆனால், இரவில் பனிமூட்டத்தில் எதிரெதிரே வந்துவிட்ட இரு காவல் அணிகளில் ஒருவன் பதறிச் சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இவற்றின் மதிப்பு விளங்கும். 1975 அக்டோபரில் துலுங்லாவில் நான்கு இந்திய வீரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகு துப்பாக்கிச் சூட்டில் அந்தக் கோட்டில் எவரும் உயிரிழக்கவில்லை. காஷ்மீர் எல்லையில் குண்டுகள் பறந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது.

1998-இல் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தி, சீனாவைக் காரணம் காட்டியபோது உறவு கசந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே பேச்சு தொடர்ந்தது. 2003-இல் பிரதமர் வாஜ்பாய் பெய்ஜிங் சென்றபோது எல்லைப் பேச்சுக்குச் சிறப்புப் பிரதிநிதிகளை இரு நாடுகளும் நியமித்தன. இந்தியாவின் முதல் சிறப்புப் பிரதிநிதி யார் தெரியுமா? 1970-இல் மாவோவின் புன்னகையை எதிர்கொண்ட அதே பிரஜேஷ் மிஸ்ராதான்!

வணிகமும் பெருகியது. 2000-இல் 300 கோடி டாலருக்கும் குறைவாக இருந்த இருதரப்பு வணிகம், 2022-இல் சீனச் சுங்கத் துறைக் கணக்குப்படி 13,500 கோடி டாலரைத் தாண்டியது. அதில் இந்தியாவின் பற்றாக்குறையே 10,000 கோடி டாலருக்கு மேல் என்பது இந்தியர்களை உறுத்தும் இன்னொரு கதை.

சுருட்டி எடுத்த வரைபடம்

இவ்வளவு நன்றாக நடந்த காரியத்தில் எங்கே சறுக்கல்? கோட்டை மதிப்போம் என்றார்கள். அந்தக் கோடு எங்கே போகிறது என்பதை மட்டும் தாளில் வரைந்து முடிக்கவில்லை.

வரைபடங்களைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று 1996 உடன்பாடே சொல்கிறது. 2000-இல், தகராறு மிகக் குறைந்த நடுப்பகுதிக்கு மட்டும் வரைபடங்கள் கைமாறின. அது 545 கிலோமீட்டர். 2002-இல் லடாக்கை உள்ளடக்கிய மேற்குப் பகுதியின் வரைபடங்களை ஒருவருக்கொருவர் காட்டினார்கள். வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தது. காட்டிய வரைபடங்களைச் சுருட்டித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அத்தோடு அந்த வேலை நின்றது.

வரைந்து கொடுத்தால் அதுவே இறுதி எல்லை ஆகிவிடுமோ என்ற அச்சம் ஒரு காரணம். கூடுதலாகக் கேட்டு வைத்தால் பேரத்துக்கு உதவும் என்ற எண்ணம் இன்னொரு காரணம். 2015-இல் பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய பிரதமர் மோடி, கோட்டைத் தெளிவுபடுத்தும் பணியை மீண்டும் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சீனா ஆர்வம் காட்டவில்லை.

அதற்குள் மலையின் முகமே மாறிவிட்டது. முன்பு காவல் அணிகள் நாள்கணக்கில் நடந்து சென்ற இடங்களுக்கு இரு பக்கமும் சாலைகள் வந்தன. லடாக்கில் தார்புக்கிலிருந்து தௌலத் பெக் ஓல்டி வரை 255 கிலோமீட்டர் சாலையை இந்தியா 2019-இல் முடித்தது. சாலை வந்தால் வீரர்கள் அடிக்கடி வருவார்கள். அடிக்கடி வந்தால் அடிக்கடி முட்டிக்கொள்வார்கள். 2013-இல் டெப்சாங்கில் ஏறக்குறைய மூன்று வாரம். 2017-இல் பூட்டானை ஒட்டிய டோக்லாமில் 73 நாள். ஒவ்வொரு முறையும் பேசித்தான் தீர்த்தார்கள். 2018-இல் வூகானிலும், 2019 அக்டோபரில் நம் பல்லவர்களின் மாமல்லபுரத்திலும் மோடியும் சீ ஜின்பிங்கும் மனம்விட்டுப் பேசினார்கள். கடற்கரைக் கோயிலின் முன்னால் இருவரும் நின்ற படம் உலகெங்கும் வந்தது.

எட்டே மாதம்தான்.

கால்வான் பள்ளத்தாக்கில் ஓர் இரவு

2020 ஜூன் 15-ஆம் நாள் இரவு, லடாக்கின் கால்வான் பள்ளத்தாக்கில் இரு நாட்டு வீரர்களும் கற்களாலும் தடிகளாலும் இரும்புக் கம்பிகளாலும் மோதிக்கொண்டார்கள். இந்தியத் தரப்பில் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த தமிழர். தன் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா எட்டு மாதங்கள் கழித்து அறிவித்தது.

கையில் துப்பாக்கி இருந்தும் ஏன் சுடவில்லை என்ற கேள்வி இந்தியாவில் எழுந்தது. 1996, 2005 உடன்பாடுகளின்படி நேருக்கு நேர் நிற்கும்போது சுடுவதில்லை என்பதே நடைமுறை என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் விளக்கினார். வரலாற்றின் கொடுமையைப் பாருங்கள்! விதி அன்றும் வேலை செய்தது. அந்த மோதல் போராக மூளாமல் தடுத்தது. ஆனால், யார் எந்தக் கோட்டைத் தாண்டினார் என்று சொல்ல இருவரும் ஒப்புக்கொண்ட ஒரு வரைபடம் இல்லை. அந்த இல்லாமைக்குக் கொடுத்த விலை இரு தரப்பின் உயிர்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பாங்கோங் ஏரிக்கருகே எச்சரிக்கைக் குண்டுகளும் சுடப்பட்டன. 45 ஆண்டு வழக்கம் முறிந்தது. நேரடி விமானச் சேவை நின்றது. கைலாய யாத்திரை நின்றது. ஆயிரக்கணக்கான வீரர்கள் கடுங்குளிரில் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள்.

மீண்டும் மேசைக்கு

ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. கோட்டருகே தளபதிகள் மட்டும் 2024 பிப்ரவரி வரை 21 சுற்றுப் பேசினார்கள். 2024 அக்டோபர் 21-இல், காவல் சுற்று பற்றிய உடன்பாடு எட்டப்பட்டதாக இந்தியா அறிவித்தது. இரண்டு நாள் கழித்து ரஷ்யாவின் கசான் நகரில் மோடியும் சீ ஜின்பிங்கும் சந்தித்தார்கள். 2025 கோடையில் கைலாய யாத்திரை தொடங்கியது. ஆகஸ்ட் இறுதியில் மோடி தியான்ஜின் நகருக்குச் சென்றார். அக்டோபரில் நேரடி விமானங்கள் மீண்டும் பறந்தன.

இவற்றை எல்லாம்விடச் சிறிய செய்தி ஒன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2025 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டில்லி வந்தபோது, எல்லையை வரையறுக்கும் பணியில் எளிதில் முடியக்கூடியவற்றை முதலில் முடிப்பது எப்படி என்று ஆராய வல்லுநர் குழு ஒன்றை அமைக்க ஒப்புக்கொண்டார்கள். சுருட்டி வைத்த வரைபடத்தை மீண்டும் விரிக்கும் முயற்சி அது. அது நிறைவேறுமா என்பதை, கைகுலுக்கும் படங்களை வைத்து அளக்க முடியாது. அந்தக் குழு எத்தனை முறை கூடுகிறது, எத்தனை கிலோமீட்டரை முடிக்கிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

இந்தக் கதை நமக்கு வெறும் தூரத்துச் செய்தியா? இந்தியரும் சீனரும் ஒரே தாமானில் அண்டை அயலாக வாழும் மண் இது. பூர்வீகம் எங்கோ இருந்தாலும், அந்த இரண்டு பெரிய வீடுகளும் சண்டையிட்டால் வணிகத்திலிருந்து வட்டார அமைதி வரை அனைத்தும் பாதிக்கப்படும். அங்கே அமைதி நிலவுவது நமக்கும் நல்லது.

தீராத சிக்கலை ஆறப்போடுவது வேறு, கிடப்பில் போடுவது வேறு. ஆறப்போட்ட கஞ்சியை இடையிடையே கிளறிப் பார்ப்போம். கிடப்பில் போட்டதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 1988 முதல் 1996 வரை ஆறப்போட்ட அரசதந்திரம் ஒரு தலைமுறைக்கு அமைதியைத் தந்தது. 2002-க்குப் பிறகு வரைபடத்தைக் கிடப்பில் போட்டார்கள். அந்த அமைதி கால்வானில் உடைந்தது. வேலிக்கு இருபுறமும் நல்ல மனிதர்களே வாழ்ந்தாலும், கல் நடும் வேலையை ஒருநாள் செய்துதான் ஆக வேண்டும்.